உலகத்தைத் தாங்கும் மரம்

ஐரோப்பாவின் வடகோடியில் வாழ்ந்த பழைய நார்ஸ் மக்கள் பிரபஞ்சத்தை ஒரு மரமாகக் கண்டார்கள். ஆஷ் என்னும் ஜாதி மரம். இக்ட்ராசில் என்று பெயர். வானத்துக்கு மேலே கிளை, பாதாளத்தில் வேர். மரமோ மலையோ உலகைத் தாங்குவதாகப் பல தேசத்துப் புராணங்களும் சொல்லும். இந்த மரத்தில் என் மனம் சிக்கிக்கொண்டதற்குக் காரணம் வேறு: உலகையே தாங்குகிற மரத்தைச் சுற்றிலும் இருந்து தின்றுகொண்டே இருக்கிறார்கள்.

நான்கு கலைமான்கள் தளிரைக் கடிக்கின்றன. அடியில் நீத்ஹோக் என்ற நாகம் வேரை அரிக்கிறது. ஒரு பக்கம் உளுத்தே போய்விட்டது. உச்சியில் ஒரு கழுகு. கழுகுக்கும் நாகத்துக்கும் நடுவே ரதடோஸ்க் என்னும் அணில் மேலும் கீழுமாக ஓடி, அங்கே கேட்ட வசவை இங்கேயும் இங்கே கேட்டதை அங்கேயும் சேர்ப்பிக்கிறது. கோள் மூட்டுவதைத் தவிர அதற்கு வேறு உத்தியோகமே கிடையாது! நாவல் எழுதுகிறவனுக்கு இந்த அணிலை விட்டு நகர மனம் வருமா? விதியை நிர்ணயிக்கும் மூன்று பெண்கள் தினந்தோறும் ஊற்று நீரையும் வெண்சேற்றையும் எடுத்து, அழுகல் பரவாதபடி மரத்தின்மேல் தெளிக்கிறார்கள். உலகம் அழியும் காலத்தில் மரம் நடுங்குகிறது, முனகுகிறது என்கிறது பாட்டு. விழுந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

இக்ட்ராசில் என்றால் 'இக்கின் குதிரை' என்று அறிஞர்களில் பெரும்பாலோர் பொருள் கொள்கிறார்கள். இக் என்பது தலைமைத் தெய்வமான ஓடினின் மறுபெயர்; குதிரை என்பது இங்கே தூக்குமரம். ஈட்டியால் குத்துண்டு, அன்னமும் தண்ணீரும் இன்றி ஒன்பது இரவுகள் மரத்தில் தொங்கித்தான் ஓடின் ரூன் எழுத்துக்களின் ரகசியத்தைப் பெற்றான்.

ஒன்பது உலகங்கள் உண்டென்றும் பாட்டு சொல்கிறது. ஆனால் ஒன்பதையும் வரிசையாக எண்ணித் தந்த பழைய நூல் ஒன்றுகூட இல்லை. தேவர்களின் அஸ்கார்ட், மனிதர்களின் மிட்கார்ட், அரக்கர்களின் யோத்துன்ஹைம், இறந்தோரின் ஹெல் என்று பெயர்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. கிளைக்கு ஓர் உலகமாகத் தொங்கவிட்ட படங்களெல்லாம் பிற்காலத்தார் கூட்டிப் பார்த்த கணக்கு. வேர் மூன்று என்பதில் தகராறு இல்லை. அவை எங்கே போகின்றன என்பதில் உண்டு. ஒரு வேரின் கீழே மனிதர் வசிப்பதாகச் சொல்கிறது பழம் பாட்டு. ஸ்னோரி ஸ்டர்லுசன் ஒரு வேரைத் தேவர்களிடமே அனுப்பிவிடுகிறார்.

இந்த ஸ்னோரி ஐஸ்லாந்துப் பிரபு, கிறிஸ்தவர். தீவு மதம் மாறியது 1000-ஆம் ஆண்டை ஒட்டி; அவர் எழுதியது 1220 வாக்கில். பழைய தெய்வங்களிடம் அவருக்குப் பக்தி இல்லை. அந்தக் கதைகள் மறந்துபோனால் முன்னோர் கவிதை யாருக்கும் விளங்காதே என்ற கவலைதான். 1241-ல் நார்வே அரசனின் பக்கம் நின்றவர்கள் அவரை அவர் வீட்டிலேயே வெட்டிக் கொன்றார்கள். நூல் பிழைத்துக்கொண்டது.

ஐஸ்லாந்தில் ஆஷ் மரம் தானாக வளர்ந்ததே இல்லை. இருந்த பிர்ச் காடுகளையும், 9-ஆம் நூற்றாண்டு முதல் குடியேறியவர்கள் விறகுக்கும் கரிக்கும் மேய்ச்சலுக்குமாக வெட்டித் தீர்த்தார்கள். அப்படி மொட்டையாகிப்போன தீவில், 1270 வாக்கில் யாரோ ஒருவர் கன்றுத்தோலில் இந்தப் பாட்டுக்களை எழுதி வைத்தார். 1643-ல் அந்தப் பிரதி ஒரு பிஷப்பின் கைக்கு வந்தது. 1662-ல் டென்மார்க் அரசனுக்குப் போயிற்று. 1971-ல் கடற்படைக் கப்பலில் ஊர் திரும்பியது. மிஞ்சியவை 45 ஏடுகள். நடுவிலிருந்து காணாமற்போன 8 ஏடுகள் இன்னும் கிடைக்கவில்லை.