தீபாவளிக்கு ஃபிளைட்ல ஊருக்குப் போறீங்களா? கிளம்பும் முன் இதைப் பாருங்க!

பண்டிகை நேரத்தில் ஃபிளைட்டை விடுவதற்கு டிராஃபிக் மட்டுமே காரணம் இல்லை. உள்நாட்டு விமானங்களின் செக்-இன் கவுன்ட்டர் பெரும்பாலும் 60 நிமிடங்களுக்கு முன்பே மூடப்படும். சென்னையில் டி1, டி4 என இரண்டு உள்நாட்டு டெர்மினல்கள். எதுவென டிக்கெட்டில் பார்த்துக்கோங்க.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. செக்-இன் லக்கேஜில் கொப்பரைக்கு அனுமதியில்லை. எண்ணெய்ச்சத்தால் எளிதில் தீப்பிடிக்கும். பட்டாசு? கம்பி மத்தாப்பு கூட கூடாது.

நேரத்துக்கு வந்தும், சீட்டைவிட அதிக டிக்கெட் விற்றுவிட்டு ஏற்ற மறுத்தால்? ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராவிட்டால், டிஜிசிஏ விதிப்படி இழப்பீடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் ரூ.10,000 வரை, அதைத் தாண்டினால் ரூ.20,000 வரை. லேட்டாக வந்தவர்களுக்கு இது பொருந்தாது. கவுன்ட்டரை விட்டு நகரும் முன், ஏற்ற மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கோங்க.