பார் வைத்த சைக்கிள்

ஆண்கள் சைக்கிள், பெண்கள் சைக்கிள் என்ற பிரிவினை ஒரேயொரு கம்பியை வைத்து உண்டானது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் அந்தக் கம்பியை நாம் 'பார்' என்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நீண்ட பாவாடை அணிந்த மேலைநாட்டுப் பெண்கள் காலைத் தூக்கிப் போடாமல் ஏறுவதற்காக அது கீழே இறக்கப்பட்டது. பாவாடைக்காகச் செய்த மாற்றம், பெண்ணுடலின் தேவையாகவே பிறகு பேசப்பட்டது. பாரை இறக்கினால் சட்டகத்தின் உறுதி குறையும். அதை ஈடுகட்ட இரும்பைக் கூட்டினால் எடை ஏறும்.

அந்த எடையை மிதித்துப் பார்த்தவர் ஆனி லண்டன்டெரி. மூன்று குழந்தைகளின் தாய். சைக்கிளோடு உலகைச் சுற்றிவர 1894இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து புறப்பட்டபோது அவரிடம் இருந்தது சுமார் 19 கிலோ எடையுள்ள பெண்கள் வண்டி. சிகாகோவில் அதை விட்டுவிட்டு, அதில் பாதி எடையே கொண்ட ஆண்கள் வண்டிக்கு மாறினார். நீண்ட பாவாடையையும் விட்டார்.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் இதே தேர்வு வேறு காரணத்தோடு நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. கூலிப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் ஓட்டக் கற்றார்கள். வண்டி வாங்கக் கடனும் கிடைத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் வண்டியையே எடுத்துக்கொண்டார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காகவே அதை விரும்பியவர்களும் உண்டு என்று பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்ணுக்கு ஆகாது என்று விலக்கப்பட்ட கம்பி, பிள்ளையின் இருக்கையானது.

மலை சைக்கிளின் கதை 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் தொடங்குகிறது. தடித்த டயர் போட்ட பழைய வண்டிகளில் இளைஞர்கள் மலைச்சரிவில் இறங்கினார்கள். அவர்களோடு வண்டியும் ஓட்டி, அந்த நாட்களைப் படமும் எடுத்தவர் வெண்டி கிராக் என்ற பெண். இன்று கடைகளில் நிற்கும் மலை சைக்கிள்களில் பார் இருக்கிறது. ஆனால் சீட்டை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. சுடிதாரோடும் ஏறலாம்.

ஆனாலும் மணவாள நகர் போன்ற ஊர்களில், வீட்டுக்கு ஒரு கியர் சைக்கிள் வந்தால் அது தம்பிக்கு என்பதே வழக்கம். பெண்ணுக்குக் கூடை வைத்த வண்டி. தமிழக அரசு பள்ளி மாணவியருக்கு இலவசமாகக் கொடுத்த சைக்கிள்கள் எத்தனையோ பேரின் படிப்பைக் காப்பாற்றின. அவையும் பார் இல்லாதவைதான். கொடுத்ததை ஓட்டினோம். இனி நாமே தேர்ந்தெடுக்கும் காலம்.

அதற்குச் சில கணக்குகள் தெரிந்தால் போதும். வண்டியின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால், பாருக்கும் உடலுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளியாவது வேண்டும். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். பிரேக் பிடி விரலுக்கு எட்ட வேண்டும். லாரிகள் குழிபறித்த தார்ச்சாலைக்கு அகலமான டயரே போதும். மலிவான சஸ்பென்ஷன் எடையைத்தான் கூட்டும். பல மலை சைக்கிள்களில் செயின் கவரும் கேரியரும் இருக்காது. துப்பட்டா போடுகிறவர்களும் புத்தகப்பை சுமப்பவர்களும் அவற்றைக் கேட்டு மாட்டிக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர் "யாருக்கு?" என்று கேட்டால், போகவேண்டிய தூரத்தையும் சாலையையும் சொல்லுங்கள். வண்டியைத் தீர்மானிக்க வேண்டியவை அவைதான்.