பாடம் பண்ணியவர்கள்

தமிழில் 'பாடம் பண்ணுதல்' என்கிற சொல்லுக்கு மூன்று புழக்கம் உண்டு. செய்யுளை மனசில் ஏற்றுவது, புகையிலையைப் பதப்படுத்துவது, செத்த மிருகத்தின் தோலைக் கெடாமல் ஆக்கி உயிருள்ளதுபோல நிறுத்துவது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு முதலாவதுதான் விதிக்கப்பட்டது. மூன்றாவதைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஒரே வேலையைச் செய்த இரண்டு தரப்பாரில் ஒருவரைக் கலைஞர் என்றும் மற்றவரைக் குற்றவாளி என்றும் பிரித்துப்போட்ட வரலாறு அதில் இருக்கிறது.

அடி அண்ணாமலையில் இருந்துகொண்டு புலித்தோலைத் தவிர்க்க முடியாது. மலையே சிவன் என்கிற ஊர் இது. தாருகாவனத்து முனிவர்கள் ஏவிய புலியை உரித்து இடுப்பில் கட்டியவன், வழுவூரில் யானைத்தோலைப் போர்த்தவன். கொன்றதை உடம்பிலேயே மாட்டிக்கொண்ட முதல் வேட்டைக்காரன் என்று நான் சொன்னால் இங்கே அடிக்க வருவார்கள். ரமணரைப் பார்க்க வந்த பால் பிரண்டன் 1934இல் வெளியான தன் நூலில் அவர் காலடியில் கிடந்த புலித்தோலை மறக்காமல் வர்ணிக்கிறார். அதே ஆசிரமத்தில் லட்சுமி என்கிற பசுவுக்கும், ஒரு மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதி இருக்கிறது. தோலாக வந்தது ஆசனமாயிற்று, உயிரோடு வந்தது சமாதியாயிற்று.

சுட்ட புலியைப் பாடம் பண்ண துரைகளும் ஜமீன்களும் மைசூருக்குத்தான் அனுப்பினார்கள். 1900 வாக்கில் யூஜின் வான் இங்கன் அங்கே தொடங்கிய 'வான் இங்கன் அண்டு வான் இங்கன்' தொழிற்கூடம் 1999 வரை நடந்தது. பிள்ளைகளுக்கு டி வெட், போத்தா, ஜூபர்ட் என்று பெயர். மூன்றும் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்ற போயர் தளபதிகளின் பெயர்கள். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் வைசிராய்களுக்குப் புலித்தலை செய்து கொடுத்தார்கள். வரலாற்றுக்கு நக்கல் ஜாஸ்தி. இவர்களைப் பற்றி 2006இல் நூல் எழுதிய பேட் மோரிஸின் கணக்குப்படி அங்கே பாடம் ஆன புலிகளும் சிறுத்தைகளும் ஏறக்குறைய 43,000. இதை ஒரு தொழிற்சாலையின் உற்பத்திக் கணக்காகவே படிக்க வேண்டும்.

வேலையும் அப்படித்தான் நடந்தது. காட்டுமுகாமில் உரித்து உப்புத் தடவி நிழலில் காயவைத்த தோல் ரயிலேறி வரும். பதனிட்ட தோலை, அச்சில் வார்த்த காகிதக்கூழ் உருவத்தின் மேல் போர்த்தித் தைப்பார்கள். கண்ணாடிக் கண், திறந்த வாய், நீட்டிய பல். பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு வேண்டியது இந்த உறுமல்தான். கலைப்புக்காரர்கள் விரட்ட உயிர் பிழைக்க ஓடிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் குண்டு வாங்கிய புலிகூட வரவேற்பறைச் சுவரில் பாய்ந்துகொண்டு நிற்கும். சுட்டவனின் வீரம் என்கிற பிரதி அந்த அச்சில்தான் வார்க்கப்பட்டது. கீழே ஒரு பித்தளைத் தகடு: சுட்டவர் பெயர், இடம், தேதி. தப்படித்துக் காட்டைக் கலைத்தவன், தோலை உரித்தவன், கூழ் அப்பியவன் யாருக்கும் அதில் இடமில்லை.

மீனிலும் இந்தக் கதை உண்டு. 1946இல் டி வெட் வான் இங்கன் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மாசீர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். திமில் உள்ள அந்தப் பெருங்கெண்டை காவிரிப் படுகைக்கு மட்டுமே உரியது. அதன் சரியான அறிவியல் பெயர் எது என்று 2018இல்தான் தெளிவானது; அதே வருஷம் அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் கடைசிக் கட்டத்துக்கும் அது வந்துவிட்டது. மீனுக்குப் பெயர் நிலைப்பதற்கு 72 வருஷம் முந்தியே பிடித்தவருக்குச் சாதனை எழுதியாகிவிட்டது.

எழும்பூர் அருங்காட்சியகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பாடம் பண்ணிய விலங்குகள் நின்ற அதே நிறுவனத்தில்தான் 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், பழங்குடிகளின் மண்டையையும் மூக்கையும் அளவுகோல் வைத்து அளந்தார். ஒரே பார்வை, இரண்டு வகைச் சரக்கு.

இதற்கு எதிராக என் மாவட்டத்திலேயே வேறொரு நினைவுமுறை இருந்தது. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, செத்த வீரனோடு கோவிவன் என்கிற நாயையும் பெயர் சொல்லி நிறுத்துகிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்த நாய் அது. புலியோடு போராடிச் செத்தவனுக்கும் நம் பக்கம் கல் நட்டிருக்கிறார்கள். கொன்றவனைவிடப் பட்டவனுக்குத்தான் அந்தக் கல்லில் முதலிடம். நடுகல்லைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. ஆநிரை கவர்தலும் சாதித்தலைமையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் பித்தளைத் தகட்டில் இல்லாத ஒன்று அதில் உண்டு: மிருகத்துக்கும் ஒரு பெயர்.

செங்கம் நடுகற்களைத் தொல்லியல் துறை நூலாக்கியது 1972இல். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம். சட்டம் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. 1970இல் புலிவேட்டை தடையாகி 1973இல் புலித்திட்டம் வந்திராவிட்டால் எண்ண மிச்சமே இருந்திருக்காது. கேள்வி, சட்டம் யார் வீட்டுக்கு எப்படிப் போயிற்று என்பதுதான். சுவரில் புலித்தலை இருந்தவர் முப்பது நாளைக்குள் அறிவித்து உரிமைச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். விட்டுப்போனவர்களுக்கு 2003இல் இன்னொரு 180 நாள் கொடுத்தார்கள். பாம்புத்தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்களுக்கு அப்படியொரு அவகாசம் கிடைக்கவில்லை. 1978இல் விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் அமையும்வரை பிழைப்பு அந்தரத்தில்.

நரிக்குறவர்களுக்கு அதுவும் இல்லை. நம் ஊரின் உண்மையான உள்ளூர்ப் பாடக்காரர்கள் இவர்கள்தான். தாங்களே பிடித்த குள்ளநரியைத் தாங்களே உரித்து, வைக்கோல் திணித்து, திருவிழாத் தெருவில் நரிக்கொம்போடு பரப்பி விற்றதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கண் கிடையாது, உறுமலும் கிடையாது. மைசூர்க்காரர்களைக் 'கலைஞர்கள்' என்று நூலின் தலைப்பே சொல்கிறது. இவர்கள் செய்ததற்கு வழக்கேட்டில்தான் பெயர். கிரிவலப் பாதையில் பாசிமணி விற்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "நாங்க சுட்டா கேஸு சாமி, அவங்க சுட்டா போட்டோ" என்றார். எனக்கு ஒரு ஜெபமாலை விற்கப் பார்த்தார், பேரம் படியவில்லை.

இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மைசூர் முத்திரை குத்திய புலித்தலைகள் அதற்கு எத்தனையோ வருஷம் முந்தியே இங்கிலாந்து ஏலக்கடைகளில் கைமாறத் தொடங்கிவிட்டன, சான்றிதழோடு.