கவ்வாத்துக் கத்தியும் கோணமும்



கேமரன் மலையின் வரலாறு 1885ஆம் ஆண்டில் அங்கு நில அளவை செய்த வில்லியம் கேமரனிலிருந்து தொடங்கும். 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய ஜே. ஏ. ரஸ்ஸலைக் கூறும். மலைச்சரிவுகளில் உழைத்த தமிழர்களின் கைக்கருவிகளைப் பற்றியோ அதிகம் பேசுவதில்லை. அவற்றுள் ஒன்றைப் பற்றி எழுத விழைகிறேன்.

தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும். கொழுந்து கைக்கெட்டும் உயரத்தில் நிற்க, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டித் தாழ்த்த வேண்டும். தேயிலைத் தோட்டத் தமிழில் இதுவே கவ்வாத்து. மழைநீர் தேங்காதவாறு வெட்டு சாய்வாக அமைய வேண்டும். மழுங்கிய கத்தி பட்டையைக் கிழிக்கும். அவ்வழியே பூஞ்சை புகுந்து கிளை அழுகும். ஆகவே, கத்தியின் கூர் செடியின் ஆயுளோடு தொடர்புடையது.

கூரைத் தீர்மானிப்பது கோணமாகும். காய்கறிக் கத்திக்குப் பக்கத்திற்கு 15 முதல் 20 பாகை போதும். கட்டை வெட்டும் பாராங்கிற்கு 25 முதல் 30 பாகை ஏற்றது. கோணம் குறைந்தால் வெட்டு எளிதாகும். ஆனால், கத்தியின் வாய் விரைவில் மடங்கும். கோணம் கூடினால் வாய் உறுதிபெறும். வெட்டுவதற்கோ வலிமை தேவைப்படும்.

"தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கலாமா?" என்பது நம் பழமொழி. சாணைக்கல்லோடு தீட்டுமரமும் நம்மவர் வாழ்வில் இருந்தமைக்கு அதுவே சான்று.

பழைய கத்தியைத் தீட்டுமுன் அதன் வாயில் மையைப் பூசிக் கல்லில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மை வாயின் நுனியில் மட்டும் அழிந்தால் கத்தியை அதிகமாகத் தூக்கியுள்ளீர்கள். நுனிக்கு மேலே மட்டும் அழிந்தால் போதிய அளவு தூக்கவில்லை. சாய்வு முழுவதும் அழிந்தால் பழைய கோணம் கிடைத்துவிட்டது. மின்சாணையில் அழுத்திப் பிடித்தால் வாய் சூடேறி நீலம் பாயும்; எஃகின் கடினம் போய்விடும். முன்னோர் வைத்த கோணமும் தேய்ந்து மறையும்.

கோணம் கற்பிக்கையில் நான் மாணவர்களிடம் தாளின் மூலையை மடிக்கச் சொல்வேன். 90 பாகை 45 ஆகும். மீண்டும் மடித்தால் 22.5 ஆகும். அந்தத் தாள்முக்கோணத்தைக் கல்லின்மேல் வைத்து, கத்தியின் சாய்வைப் பெரியவர்கள் ஒப்பிட்டுக் காட்டலாம். கத்தி பிள்ளைகளின் கைக்குச் செல்ல வேண்டியதில்லை.

இன்று தோட்டங்களில் இயந்திரங்கள் பெருகிவிட்டன. உங்கள் வீட்டுப் பரணில் தோட்டத்துக் கத்தி ஏதேனும் துருப்பிடித்துக் கிடந்தால், அதனைப் பிடித்த கைகள் இருக்கும்போதே பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். அதுவும் வரலாற்றுப் பாடமே.