சொந்தக்காரர்களோடு கன்னியாகுமரி டூர்: கூட வரும் 2 வயசு குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

லீவு விட்டாச்சு. அத்தை குடும்பம், சித்தப்பா குடும்பம், ஆச்சி, மாமா என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு கன்னியாகுமரிக்கு கிளம்புகிறவர்கள் அதிகம். கூடவே 1 முதல் 3 வயதுக்குள் ஒரு வாண்டும் இருக்கும். இத்தனை பேர் இருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளா இல்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சிக்கலே அங்கேதான்.

போட்டோ எடுக்கும்போது "பிள்ள ஆச்சிகிட்ட இருக்கு" என்று அம்மா நினைப்பார். "மாமா தூக்கிட்டுப் போனான்" என்று ஆச்சி நினைப்பார். மாமாவோ டிக்கெட் வரிசையில் நிற்பார். நடக்கப் பழகிய குழந்தை அந்த ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். ஓடுகிற பக்கம் கடல் என்றால்?

கள்ளக்கடல் என்றால் என்ன?

குமரி, கேரள கடற்கரையில் புழங்கும் சொல் இது. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பலத்த காற்றால் உருவாகும் பேரலைகள் சில நாள் பயணம் செய்து இங்கே கரையேறும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் திடீரென மேலேறி வரும். திருடன் போல வருவதால்தான் இந்தப் பெயர்.

2024 மே மாதம் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மே 5ஆம் தேதி தேங்காப்பட்டணத்தில் 7 வயது சிறுமியை அலை இழுத்துச் சென்றது. மறுநாள் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் மூழ்கி இறந்தனர். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்த நேரம் அது. வளர்ந்தவர்களையே இழுக்கும் அலைக்கு முன்னால் குழந்தையின் காலை நனைத்து ரீல்ஸ் எடுப்பது வேண்டாத வேலை. கிளம்பும் நாள் காலையில் கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று செய்தியில் பார்த்துவிடுங்கள். கரையில் மீனவர்கள் "இறங்காதீங்க" என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

சத்தமாகச் சொல்லி கைமாற்றுங்கள்

வழி ரொம்ப எளிது. ஒரு நேரத்தில் ஒரே ஒருவர்தான் பொறுப்பு. "அடுத்த அரை மணி நேரம் பிள்ள என் கையில்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. முடிந்ததும் அடுத்தவரிடம் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும். சொந்தத்துக்குள் இதெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும்.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடவும் செய்யாது. சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். லாட்ஜ் பாத்ரூமில் நிரப்பி வைத்த பக்கெட் தண்ணீரே இந்த வயதுக்குப் போதும். அறைக்குள் நுழைந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து, கதவை வெளியே தாழிட்டுவிடுங்கள்.

கூட்டத்தில் தொலைந்துபோனால் உதவ, காலையில் போட்ட உடுப்போடு குழந்தையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைகளில் பேனாவால் போன் நம்பர் எழுதலாம். குழந்தைகள் உதவி எண் 1098.

படகும் பாலமும்

விவேகானந்தர் பாறைக்கு பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு போகிறது. சீசனில் வரிசை நீளும், வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். தள்ளுவண்டி இங்கே சுமைதான். நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியர் இருந்தால் நல்லது. குழந்தை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா என்று ஏறும் முன்பே கேளுங்கள். பாறையிலிருந்து 133 அடி திருவள்ளுவர் சிலைக்குப் போக 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறக்கப்பட்டது. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அன்றைக்குக் கோபித்துக்கொண்டு கடற்கரைக்குக் கூட்டத்தைத் திருப்புவதுதான் பலரும் செய்வது. அதே கொந்தளிப்பு கரையிலும் இருக்கும் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

என்ன கொடுக்கலாம்?

குமரி மாவட்டத்தில் குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழங்களில் ஒன்று மட்டிப்பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மசித்துக் கொடுத்தால் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும். மார்த்தாண்டம் தேன் வாங்காமல் யாரும் ஊர் திரும்பமாட்டார்கள். ஆனால் 1 வயது நிறையாத குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு கூட தடவக் கூடாது. கடற்கரையில் விற்கும் முழு வேர்க்கடலை தொண்டையில் அடைக்கும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

வேனில் மடியில் உட்கார வைப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம்.

ஒரே நாளில் சூரிய உதயம், படகு, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி என்று திட்டம் போடும் மாமா எல்லா குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். மதியத் தூக்கம் கெட்ட குழந்தையை சாயங்காலம் சமாளிக்கப் போவது அவர் இல்லை. உதயம் பார்த்த நாளில் மதியத்துக்கு மேல் எதுவும் வைக்க வேண்டாம். ஆச்சிக்கும் அந்த ஓய்வு தேவைப்படும். கோதையாற்றில் வெள்ளம் வந்தால் திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவார்கள். அரண்மனைக்கு திங்கட்கிழமை விடுமுறை; உள்ளே மரப்படிகள் செங்குத்தானவை, அங்கே குழந்தையை இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டே போக வேண்டும்.