தீவு கடந்த வண்டியும் வரியும்

ஊர் பெயர்ந்து வாழும் நம்மவர்க்குப் பெட்டி படுக்கையினும் பெருந்தொல்லை தருவது மோட்டார் வண்டி. போர்ட் பிளேர் நகரிலிருந்து (2024 முதல் அது ஸ்ரீ விஜயபுரம்) சென்னை வரை ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல். அக்கடலைக் கடந்த வண்டியைக் கரையில் வரி எதிர்கொண்ட வரலாறு கேட்கத் தக்கது.

துறைமுகச் சுங்கம் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களின்மேல் புலிமுத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறும். 1025-இல் கடல் கடந்து படை செலுத்திய இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் நிக்கோபார், மாநக்கவாரம் எனப் பெயர் பெறுகின்றது. அவனுடைய மகள் வயிற்றுப் பேரனாகிய முதற் குலோத்துங்கனோ, 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று புகழப்பெற்றான். வரி விதித்த மன்னர் பலர். வரியை நீக்கியதால் பெயர் பெற்றவர் மிகச் சிலரே!

நம் காலத்தில் அந்தமானும் அவ்வாறு ஒரு சலுகை பெற்றிருந்தது. 1956-இல் யூனியன் பிரதேசமான அத்தீவுகளில் விற்பனை வரிச் சட்டமே இல்லை. அரிசி முதல் ஆணி வரை பெரும்பாலான பொருள்கள் கப்பலேறி வரவேண்டிய இடத்தில், கப்பற்கூலியே ஒரு வரிபோல் விலையை உயர்த்திவிடுமன்றோ?

ஆயின், அங்கே வாங்கிய புதுவண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தால் நிலைமை வேறு. வரி குறைந்த இடத்தில் வாங்கி இங்கே ஓட்டுவதால் மாநில வருவாய் குன்றும் என்று கருதித் தமிழ்நாடு 1990-இல் மோட்டார் வண்டி நுழைவு வரிச் சட்டம் இயற்றியது. வேறிடத்தில் கட்டிய விற்பனை வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். அந்தமானில் ஒன்றும் கட்டாதவர்க்குக் கழிப்பதற்கு ஏது? தீவில் மிஞ்சிய பணம் சென்னையில் கரைந்தது.

அயல்நாட்டு வண்டிகளின் வழக்கு இன்னும் கடியது. சுங்கத் தீர்வை விதிப்பது மத்திய அரசின் உரிமை; அதைச் செலுத்திய வண்டிக்கு மாநிலமும் நுழைவு வரி கேட்கலாமா? கேட்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்து, நுழைவு வரியையும் தீவின் விற்பனை வரி விலக்கையும் ஒருங்கே பழங்கதையாக்கிவிட்டது.

எஞ்சி நிற்பது சாலை வரி. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வேற்று மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருப்பவர், பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றுடன் புதிய பதிவெண் பெற வேண்டும். அச்சான்றைக் கப்பலேறுமுன்பே கையில் வாங்கிக்கொள்ளுதல் நலம்; மறந்தால், ஒரு தாளுக்காக மீண்டும் கடல் கடக்க நேரிடலாம்.