எழுத்துக்கு நடுவே ஒரு படம்: போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் ஈமாக்ஸும்

முக்கோணம் ஒன்றின் படம் கணினிக் கோப்பொன்றில் இருக்கிறது. அக்கோப்பை ஓர் உரைத்தொகுப்பியில் திறந்து பார்க்கிறோம். முக்கோணம் தெரியவில்லை. எண்களும் சில ஆங்கிலச் சொற்களுமே வரிவரியாகக் கிடக்கின்றன. ஒரு வரியில் இரண்டு எண்களும் அவற்றையடுத்து 'மூவ்டு' என்னும் சொல்லும் உள்ளன. அடுத்த வரியில் வேறிரண்டு எண்களும் 'லைன்டு' என்னும் சொல்லும் உள்ளன. தாளின் இடது கீழ்மூலையிலிருந்து இத்தனை அளவு தள்ளிச் சென்று நில், அங்கிருந்து இந்தப் புள்ளி வரை கோடு இழு என்பது அவற்றின் பொருள். கடைசியாக 'ஷோபேஜ்' என்னும் ஏவல் வந்ததும் பக்கம் உருவாகி வெளியே வரும். இவ்வாறு பக்கத்தை விவரிப்பதற்கென்றே அமைந்த மொழிதான் போஸ்ட்ஸ்கிரிப்ட்.

தமிழ் பயின்றவர்களுக்கு இம்மொழியின் வாக்கிய ஒழுங்கு சற்று நெருக்கமாகவே தோன்றும். எண்கள் முன்னே வருகின்றன. வினை இறுதியில் வருகிறது. 'கோட்டை இழு' என்று வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் நமக்கு இது இயல்பு. இதற்கும் தமிழுக்கும் உறவு ஏதும் இல்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். கணினி எண்களைத் தட்டுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறது. வினைச்சொல் வந்ததும் மேலிருக்கும் தட்டுகளை எடுத்துப் பயன்படுத்துகிறது. எண்கள் முந்துவதற்குக் காரணம் அவ்வளவே.

போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் வேர் கலிபோர்னியாவில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் இருக்கிறது. அங்குப் பணியாற்றிய ஜான் வார்னாக்கும் சார்ல்ஸ் கெஷ்கியும் இன்டர்பிரஸ் என்னும் பக்க விவரிப்பு மொழியில் ஈடுபட்டிருந்தனர். அது உரிய காலத்தில் வெளியுலகுக்கு வராததால் இருவரும் விலகி, 1982-இல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினர். 1984-இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்தது. 1985-இல் ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி அம்மொழியை அறிந்ததாக விற்பனைக்கு வந்தது. அதன் விலை ஏறத்தாழ 7,000 அமெரிக்க டாலர். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அது அச்சிட்டது. எட்டரை அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் உள்ள ஒரு தாளில் இவ்வாறு 84 இலட்சம் புள்ளிகள் அமையும். அவற்றில் எது கறுப்பு, எது வெள்ளை என்று கணக்கிடும் பொறுப்பு அச்சுப்பொறிக்குள்ளேயே இருந்த கணினியிடம் விடப்பட்டது. அக்கணினி, அச்சிடும்படி அதற்கு ஆணையிட்ட மேசைமீதிருந்த மெக்கின்டாஷைவிட வேகமானது!

ஏவல்களை ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றும் நிரலைக் கணினிப் பாடநூல்கள் வரிமொழிமாற்றி என்கின்றன. அச்சொல்லில் நமக்குக் குறையில்லை. ஆயினும், கிழக்கிந்தியக் கம்பெனிகளின் காலத்துத் துறைமுகங்களில் இரு தரப்புக்கும் இடையே நின்று பேசிய துபாசிகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. புதுச்சேரியில் துய்ப்ளேக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்ததுபோல, மொழி தெரியாத எசமானுக்கு மொழி தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. அச்சுப்பொறிக்குள் அமர்ந்திருந்த வரிமொழிமாற்றியும் அத்தகைய துபாசியே. அது அங்கே மட்டும் இருந்ததுதான் அன்றைய இடர்ப்பாடு. எழுதுபவர் தம் படத்தைக் காண வேண்டுமானால் தாளில் அச்சிட்டே காண வேண்டும். கோடு ஒன்று பிசகினால் இன்னொரு தாள்.

புகைப்படக் கோப்பைப் போலப் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பையும் திரை நேரே காட்டிவிடலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். புகைப்படக் கோப்பு, எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்பதைச் சுருக்கி வைத்திருக்கும் பட்டியல். சுருக்கத்தை விரித்தால் படம் கிடைத்துவிடும். போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்போ ஒரு நிரல். அதில் 'இதை நூறு முறை செய்' என்று இருக்கலாம். 'இப்படியானால் அதைச் செய்' என்றும் இருக்கலாம். இயக்கிப் பார்க்காமல் அதில் என்ன படம் இருக்கிறது என்று சொல்ல இயலாது. ஆகவே திரையில் காட்ட விரும்புவோர் முழுமையான ஒரு வரிமொழிமாற்றியைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

அதை எல்லார்க்கும் கிடைக்கச் செய்தவர் எல். பீட்டர் டாய்ச். பள்ளி வயதிலேயே பிடிபி-1 கணினிக்கு லிஸ்ப் மொழியை அமைத்துக் கொடுத்த இவரும் பாலோ ஆல்ட்டோ மையத்தில் பணியாற்றியவர். ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டத்துக்காக அவர் எழுதிய கோஸ்ட்ஸ்கிரிப்ட் 1988-இல் வெளிவந்தது. அச்சுப்பொறிக்குள் அடைபட்டிருந்த துபாசி இப்போது யாருடைய கணினியிலும் அமரலாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் தைசன் இதற்குக் கோஸ்ட்வியூ என்னும் சாளரத்தை அமைத்தார். கோஸ்ட்வியூவுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட்டை நிறைவேற்றத் தெரியாது. தன் சாளரத்தின் அடையாள எண்ணைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டிடம் கொடுத்து, 'இங்கே வரை' என்று சொல்லத் தெரியும். வரைந்து முடித்ததும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு செய்தி அனுப்பும். இருவருக்கும் இடையே இருந்த உடன்பாடு இவ்வளவு சிறியது.

இச்சிறிய உடன்பாட்டைத்தான் ஈமாக்ஸ் பின்னர் அப்படியே எடுத்துக்கொண்டது. குனூ ஈமாக்ஸ் 1985-இல் ஸ்டால்மன் வெளியிட்ட உரைத்தொகுப்பி. அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. நெடுங்காலம் அது ஒரே அகலமுள்ள எழுத்துகளை வரிசையாகக் காட்டும் கருவியாகவே இருந்தது. கெர்ட் முல்மன் அதன் காட்சிப் பகுதியைப் புதிதாக எழுதியபின், 2001 அக்டோபரில் வெளிவந்த 21-ஆம் பதிப்பில் எழுத்துகளுக்கு நடுவே படங்களும் இடம்பெற்றன. மற்றப் பட வகைகளுக்குப் படத்தை விரித்துத் தரும் நிரலகங்களை ஈமாக்ஸ் தன்னுடனேயே இணைத்துக்கொண்டது. போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் வெளியிலிருந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை அழைத்தது. நம் பார்வையில் இது சோம்பல் அன்று, விவேகம். ஒரு மொழி முழுவதையும் உரைத்தொகுப்பிக்குள் மீண்டும் எழுதியிருந்தால் பிழைகளும் இரட்டிப்பாகியிருக்கும்.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. கோஸ்ட்வியூவின் சாளரம் முழுவதும் படத்துக்கே உரியது. ஈமாக்ஸிலோ படத்துக்கு மேலும் கீழும் எழுத்துகள் இருக்கின்றன. படம் எவ்வளவு இடம் கொள்ளும் என்பது தெரிந்தால்தான் அடுத்த வரியை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய முடியும். நிரலை இயக்காமல் அளவை எப்படி அறிவது? விடை கோப்பின் தொடக்கத்திலேயே இருந்தது. பிற ஆவணங்களுக்குள் பொருத்துவதற்கான போஸ்ட்ஸ்கிரிப்ட் படங்களில், படத்தின் எல்லைச் சட்டத்தைக் குறிக்கும் நான்கு எண்கள் ஒரு குறிப்பு வரியாக எழுதப்பட்டிருக்கும். நிரலை நிறைவேற்றும்போது வரிமொழிமாற்றி அவ்வரியைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். மற்ற நிரல்களுக்கோ அதுதான் முதன்மையானது. ஈமாக்ஸும் அந்த நான்கு எண்களைக் கேட்டது. அவற்றோடு அகலத்தையும் உயரத்தையும், அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, முழு எண்களாகக் கேட்டது.

எண்கள் கிடைத்ததும் அவ்வளவுக்கு வெற்றுப் பலகை ஒன்றைத் திரைக்குப் பின்னால் அது விரித்தது. பலகையின் அடையாள எண்ணைத் தந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை ஏவியது. படம் உருவாகும்வரை எழுதுபவர் காத்திருக்க வேண்டியதில்லை; தட்டெழுதிக்கொண்டே போகலாம். முடிந்தது என்ற செய்தி வந்தவுடன் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு விடைகொடுத்துவிட்டு, ஒதுக்கிவைத்த இடத்தில் படத்தைக் காட்டியது.

மொழி தெரியாத எசமான் துபாசியை நம்பியே இருக்க வேண்டும். அந்த நம்பிக்கைக்கு இங்கும் ஒரு விலை இருந்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட் முழுமையான நிரல்மொழி. கோப்புகளைத் திறக்கவும் அழிக்கவும்கூட அதில் ஏவல்கள் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்ப்பது, அவர் எழுதிய நிரலை நம் கணினியில் இயக்குவதே ஆகும். இதற்காகக் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் 'சேஃபர்' என்னும் காப்பு முறை இருந்தது. 2018-இல் டேவிஸ் ஆர்மண்டி என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் அக்காப்பைத் தாண்டும் வழிகளை வெளிப்படுத்தினார். அதுவரை கேட்டால் மட்டும் கிடைத்துவந்த காப்பு, 2019-இல் வந்த 9.50 பதிப்பிலிருந்து கேளாமலே கிடைக்கும் இயல்பு நிலையானது.

ஈமாக்ஸின் பழக்கமும் அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது. 2009-இல் வந்த 23-ஆம் பதிப்பின் டாக்வியூ, கோஸ்ட்ஸ்கிரிப்ட்டைத் தன் பலகையில் வரையச் சொல்வதில்லை. பக்கங்களைப் படக் கோப்புகளாக மாற்றி வைக்கச் சொல்லி, அவற்றை எடுத்துக் காட்டுகிறது. டேவிட் காஸ்ட்ரப் எழுதிய பிரிவியூ-லாடெக் இன்னும் நுட்பமானது. லாடெக் மொழியில் எழுதப்பட்ட கணிதச் சமன்பாடு, எழுதுமிடத்திலேயே அச்சில் வருவது போன்ற வடிவில் தெரிகிறது. திரையில் கண்ணுக்குப் படும் சமன்பாடுகள் முதலில் உருப்பெறுகின்றன. படத்தின்மேல் சொடுக்கினால் அது விலகி, அடியில் இருக்கும் மூல எழுத்து திருத்துவதற்காகத் திறந்துகொள்கிறது. படம் எழுத்தின்மேல் இட்ட போர்வை மட்டுமே. கோப்பில் சேமிக்கப்படுவது எழுத்துதான்.

தமிழ் ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று. போஸ்ட்ஸ்கிரிப்ட் பக்கத்துக்கு 'கொ' என்பது ஓர் எழுத்தாகத் தெரியாது. ஒற்றைக்கொம்பு ஒன்று, ககரம் ஒன்று, கால் ஒன்று என மூன்று வடிவங்களை இடமிருந்து வலமாக வைப்பதே அதன் வேலை. 1990-களில் இவ்வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியிடங்களில், ஒவ்வோர் எழுத்துருவிலும் ஒவ்வொரு விதமாக அமர்த்தப்பட்டிருந்தன. 1997-இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் 97 மாநாட்டில் அறிஞர்கள் கவலையோடு பேசிய குறியீட்டுக் குழப்பம் இதுவே.

எழுத்துரு உள்ளே பொதியப்பட்ட அக்காலத்து வினாத்தாள் ஒன்றின் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பை இன்று கோஸ்ட்ஸ்கிரிப்ட்டிடம் கொடுத்தால், பக்கம் பிசகின்றித் திரையில் வரும். கொம்பும் காலும் வைத்த இடத்திலேயே இருக்கும். அதில் 'கொடி' என்னும் சொல்லைத் தேடச் சொன்னால் இல்லை என்ற விடையே கிடைக்கும். அவ்வினாத்தாளைத் தட்டெழுதிய மூலக் கோப்பு எந்த வட்டில், எந்த அலமாரியில் இருக்கிறது என்று நாம்தான் தேட வேண்டும்.